கொட்டாம்பட்டியில் சொன்னது

கல்யாணம் ஆகி மூன்று வருடமாகியும் நானும் என் மனைவியும் ஒரு நாள்கூடப் புருஷன் பெண்டாட்டியாக இருந்ததில்லை. குறை என் உடம்பில். முதல் வாரம் அது ஏன் கைவிட்டது என்று தெரியாது. பிறகு, மறுபடியும் கைவிட்டுவிடுமோ என்ற பயமே போதுமானதாக இருந்தது.

பழங்காநத்தத்தில் நாங்கள் இருவரும் என் தாயும் குடியிருந்தோம். ராத்திரி வீட்டுக்குப் போகாமலிருக்க, மில்லில் யார் லீவு கேட்டாலும் அவர் வேலையை நான் பார்ப்பேன். சாப்பாட்டு நேரத்தில் பெண்டாட்டியை வைத்து நடக்கும் கேலிப் பேச்சுக்குப் பயந்து தனியாகப் போய்ச் சாப்பிடுவேன். ஒரு வைத்தியரிடம் லேகியம் வாங்கி, இருமலுக்கு என்று வீட்டில் சொல்லி வைத்தேன். என் மனைவி அதை நம்பி எனக்குச் சுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தாள்.

மலடி என்ற பேச்சு அவளுக்குத்தான் வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் என் தாய் அவளைப் பட்டினி போட்டுக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

கடைசியில், "ரெண்டாந்தாரத்துக்குக் கொட்டாம்பட்டியில ஒரு புள்ள இருக்கு, பாத்துட்டு வருவோம்" என்றாள் என் தாய். அன்று எனக்குச் சலவை வேட்டி எடுத்துக் கொடுத்தது என் மனைவிதான்.

பெண்ணின் தகப்பனார் விவசாயம் பார்க்கும் சம்சாரி. "மூத்தவளுக்கு வைத்தியம் பாத்தீகளா?" என்று கேட்டார்.

"அம்புட்டும் பாத்தாச்சு. அவளுக்குக் குடுப்பினை இல்ல" என்றாள் என் தாய்.

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. இன்னொருத்தியையும் இதில் மாட்டிவிடுவதா என்று நினைத்தேன்.

"அவளுக்கு ஒண்ணுமில்லைய்யா. குறை எங்கிட்டதான். இந்தப் புள்ள வாழ்க்கையையும் கெடுக்க வேணாம்" என்றேன்.

அவர் உள்ளே மோர் கொண்டுவரச் சொன்னார். பிறகு, "மோர் குடிச்சிட்டு வெயில் தாழப் போங்க, தம்பி" என்றார்.

பஸ்ஸில் என் தாய் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். அந்த வாரமே என் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அங்கே சொன்னதை என் மனைவியிடமும் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இம்புட்டு நாளும் என்னையப் பிடிக்கலைன்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

அப்படி ஒரு நினைப்பு அவளுக்கு இருக்கும் என்று மூன்று வருடத்தில் எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

விஷயம் மில்லுக்கும் எட்டியது. நான் வந்தால் பேச்சு நிற்கும். உடம்பு பின்னாளில் எப்போதாவது இசைந்தது, பெரும்பாலும் இல்லை. குழந்தை பிறக்கவில்லை. லேகியம் இருமலுக்கு இல்லை என்று தெரிந்ததும், அதை அவளே சாக்கடையில் கொட்டினாள்.