பாஷா பாய் வண்டியில் தண்ணீர் ஊற்றக் கூடாது

சவாரி ஏறி உட்கார்ந்ததும் ஆட்டோக்காரர் ஜானி பாஷா முதலில் செய்வது, தன் சீட்டுக்குப் பின்னால் கட்டியிருக்கும் பூந்தொட்டி மண்ணில் ஆள்காட்டி விரலைக் குத்துவதுதான். இரண்டு கணு ஆழம். விரலை எடுத்து, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்து, காக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் "எங்க போவணும்?" என்பார். அவசரக்காரர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டுமே, பாய்க்கு அதெல்லாம் உறைக்காது.

தொட்டியில் இருப்பது மணி பிளான்ட். மகள் சதஃப் நர்சிங் படிக்க வேலூருக்குக் கிளம்பும்போது நட்டுக் கொடுத்தது. கம்பியைப் பிடித்து ஏறி, ஆட்டோவின் உள்கூரை முழுக்கப் படர்ந்திருந்தது. ரமணாசிரமத்து வெள்ளைக்காரர்கள் இந்த வண்டிக்காகவே காத்துக் கிடந்த காலம் உண்டு. ஸ்டாண்டில் மற்றவர்களுக்கு வயிறு எரிந்தது.

கெடுத்தது பகையாளி இல்லை, நல்ல மனசுதான். கிரிவலம் சுற்றிவிட்டு ஏறுகிறவர்கள், பாட்டிலில் மீந்ததைச் செடிக்குக் கவிழ்ப்பார்கள். "வாயில்லா ஜீவன், குடிக்கட்டும் பாய்." ஒரு நாளைக்கு நாற்பது பேர், ஆளுக்கு ஒரு மடக்கு. செடி என்ன ஒட்டகமா? இதில் பாய் செய்த கூத்து தனி. சொட்டுகிற தண்ணீரில் பயணிகளின் புடவை நனைகிறதென்று, தொட்டியின் அடி ஓட்டையை டேப் ஒட்டி அடைத்துவிட்டார்!

பக்ரீத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் இலைகள் மஞ்சளித்தன. தண்ணீர் கம்மி என்று நினைத்து, தன் பங்குக்கு ஒரு சொம்பு ஊற்றினார். நான்காம் நாள், "என்ன பாய், சாக்கட வாட வருது?" என்றது ஒரு சவாரி. அன்று சாயங்காலம் சதஃப் போனில் கேட்டாள், "செடி எப்டிப்பா இருக்கு? லீவுக்கு வந்ததும் அதத்தான் பாப்பேன்." "ஜோரா இருக்கும்மா." மகளிடம் அவர் சொன்ன முதல் பொய். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சவாரிக்குப் போகவில்லை. வீட்டு வாசலில் சாக்கை விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தார். வேரெல்லாம் கறுத்து, தொட்டால் கையோடு வந்தது. மனைவி அஸ்மத்தின் கத்தரிக்கோலை எடுத்தார். "அல்லாவே, அது துணி வெட்றதுங்க!" "துணி நாளைக்கி வெட்டிக்கலாம், இரு." அழுகியதை ஒன்றுவிடாமல் வெட்டி, வெள்ளையாக, கெட்டியாக இருந்த வேர்களை மட்டும் விட்டார். கூரை நிறைந்த கொடியில் மிஞ்சியது இரண்டடி. அதை நிழலில் பேப்பர் மேல் ஆறப் போட்டு, மணலும் தேங்காய் நாரும் கலந்த புது மண்ணில் சாயங்காலம் நட்டார். டேப்பைப் பிய்த்தார். ஓட்டையில் ஒரு டியூபைச் சொருகி, வண்டியின் தரை வழியாக ரோட்டுக்கு விட்டார். எட்டு நாள் ஒரு சொட்டு ஊற்றவில்லை. பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டது போல அவருக்கு மனசு அடித்துக்கொண்டது.

'தண்ணி ஊத்தாதீங்க' என்று அட்டை மாட்டினார். அதைப் படித்துக்கொண்டே ஊற்றினார்கள். கடைசியில், 'மண்ணுல வெரல வுட்டுப் பாருங்க. ஈரம் இல்லன்னா மட்டும் ஊத்துங்க' என்று மாற்றி எழுதினார். அன்றோடு நின்றது. "கையில மண்ணு ஒட்ட யாருங்க ரெடி?" என்று இன்றைக்கும் சிரிப்பார். எப்போதாவது டியூபில் சொட்டினால், பைக்கில் வருகிறவர்கள் "பாய், வண்டி ஒழுவுது!" என்று கத்துவார்கள். "ஒழுவட்டும்! ஓட்ட போட்டதே நாந்தான்!" என்பார், காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு.

பக்ரீத்துக்கு முந்தின நாள் சதஃப் பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். ஊரையே வாயால் அளக்கிற மனுஷன், விரலைக் காக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டே மெல்லச் சொன்னார்.

"பொய் சொல்லிட்டேம்மா. ஓட்டைய அடச்சி நாந்தான் வேர அழுவ வுட்டேன். அப்புறம் நானே வெட்டி நட்டேன்."

அவள் நுனியில் சுருள் பிரிந்துகொண்டிருந்த புது இலையை விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தாள். கண் கலங்கியது.

"அழுவுன வேர வெட்டிப் பொழைக்க வெச்சிருக்கீங்களேப்பா! இருங்க, எங்க ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கு ஃபோட்டோ அனுப்பணும்."

அவள் போனைத் தூக்கினாள். பாஷா பாய் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, தலையை ஒரு வாரு வாரிக்கொண்டு, செடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.