திரும்பிப் பார்க்காமல் காட்டிய கை

என் முதல் நடையிலேயே இரண்டு பேரைத் தொலைத்தேன். புதிதாக இந்த நடை வழிகாட்டி வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் லாயாங் லாயாங் பக்கம், தோட்டத்தை ஒட்டிய காட்டுப்பாதை. ஜொகூர் பாருவிலிருந்து வேனில் பன்னிரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். எல்லாருமே பேக்டரி ஆபரேட்டர்கள். மைண்ட்ஃபுல் வாக் என்றால் என்னவென்று விளக்கினேன். மெதுவாக நடக்க வேண்டும், மூச்சைக் கவனிக்க வேண்டும், காட்டின் சத்தத்தைக் கேட்க வேண்டும்.

"ஒரு மணி நேரத்துக்கு யாரும் வாயத் தொறக்கக் கூடாதும்மா."

"அலமாக்! பரமேஸ்வரிக்கு அது நடக்காது லா," என்றார் லெட்சுமி. எல்லாரும் சிரித்தார்கள், பரமேஸ்வரியும்தான்.

குழுவின் கடைசியில் வருகிறவரை எங்கள் தொழிலில் ஸ்வீப்பர் என்போம். அன்று ஸ்வீப்பர் வரவில்லை. நேர்ப்பாதைதானே, சமாளித்துவிடலாம் என்று நான் முன்னால் நடந்தேன்.

பாதி வழியில் பின்னாலிருந்து, "அண்ணே..." என்று ஒரு குரல். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தம்போயில் ஒரு பேக்டரியில் இருபத்திரண்டு வருடம் லைன் சூப்பர்வைசராக இருந்தவன் நான். பேச்சுச் சத்தம் கேட்டால் கை தானாக எழும். திரும்பாமலே கையைத் தூக்கி, "ஷ்!" என்றேன். குரல் அடங்கிவிட்டது. எவ்வளவு அடக்கமான குழு என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன், மடையன்.

ஆற்றங்கரையில் ஹெட் கவுண்ட் எடுத்தேன். பத்து. மறுபடி எண்ணினேன். பத்தேதான். மற்றவர்களை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு வந்த வழியே ஓடினேன்.

பரமேஸ்வரி ஒரு மரத்தில் சாய்ந்து கிடந்தார். சட்டையெல்லாம் வேர்வை, கை நடுங்கியது. லெட்சுமி அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

"இனிப்புநீர் மாத்திரை போட்டுட்டு, காலையில பசியாறாம வந்துட்டாண்ணே!"

ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டிருந்தது. நல்லவேளை, நினைவு இருந்தது. பையிலிருந்த குளுக்கோஸைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரத்தில் பேச்சுத் தெளிந்தது. அதன் பிறகுதான் நான் தரையில் உட்கார்ந்தேன்.

"ஏம்மா என்னைக் கூப்பிடல?" என்று லெட்சுமியைக் கேட்டேன்.

"கூப்பிட்டேனே. நீங்க கை காட்டினீங்க, வாய மூடிக்கிட்டேன். இவளும் செத்த உக்காந்தா சரியாப் போயிடும்னா. அப்புறம் கத்தினேன். ஆத்துச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?"

"மன்னிச்சிடுங்கம்மா," என்றேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று முதல் ஸ்வீப்பர் இல்லாமல் நான் நடை நடத்துவதில்லை. பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன். முதலில் சொல்லும் விதியையும் மாற்றிவிட்டேன்: ஏதாவது ஒன்று என்றால் கத்துங்கள், நான் கை காட்டினாலும் கத்துங்கள். அமைதியெல்லாம் அதற்குப் பிறகு.

அன்றைக்கு வேனில் ஏறும்போது லெட்சுமி என்னிடம் சாதாரணமாகக் கேட்டார்.

"அண்ணே, நீங்க எந்தப் பேக்டரில சூப்பர்வைசரா இருந்தீங்க?"

பேக்டரியைப் பற்றி அவர்களிடம் நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.