கலியமூர்த்தி சாரின் இருமல்

கலியமூர்த்தி சார் போய்விட்டார். காலையில் சிதம்பரத்திலிருந்து அவர் மகள் போன் செய்தாள்.

அந்தக் கால ரேடியோ நாடகம் கேட்டவர்களுக்கு அவர் பேர் தெரியாது, குரல் தெரியும். போஸ்ட்மேன், டாக்டர், வட்டிக்காரர், மாப்பிள்ளையின் சித்தப்பா... ஹீரோ மட்டும் ஒருநாளும் இல்லை.

"ஹீரோவுக்கு ஒரு குரல் போதும்மா. எனக்குத்தான் ஜாஸ்தி வேணும்" என்பார். இருமலிலேயே ஆறு வகை வைத்திருந்த மனுஷன்!

என் முதல் நாடகம், நேரடி ஒலிபரப்பு. சொதப்பினால் மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

நான் அப்போது மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆபீசில் கிளார்க். ஸ்கிரிப்ட் கைக்கு வந்ததும் பழக்கதோஷம்... ஃபைல் மாதிரி ஓட்டை போட்டு, டேக் கயிறு கோத்து, முடிச்சும் போட்டுவிட்டேன்.

மைக் முன்னால் பக்கம் திருப்புகிற சத்தமே கேட்கக் கூடாதாம். தாளைத் தனித்தனியாகப் பிடித்து, படித்ததைக் கீழே கம்பளத்தில் நழுவவிட வேண்டுமாம். சிவப்பு விளக்கு எரிந்த பிறகு மற்றவர்கள் கையைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

சார் என் டேக்கைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

அன்றைக்கு அவர் என் மாமனார். கதைப்படி நோய்நொடி இல்லாத, கல்லு மாதிரி ஆள். ஆனால் நான் பக்கம் திருப்பும்போதெல்லாம் இருமினார், கடைசிப் பக்கம் வரைக்கும்.

முடிந்ததும் தயாரிப்பாளர் கத்தினார். "யாருய்யா உங்கள இரும சொன்னது?"

"சளி சார்."

நான் உண்மையைச் சொல்லப் போனேன். வராந்தாவிலேயே மடக்கிவிட்டார். "இன்னாத்துக்கும்மா? என்னைய கொஞ்ச நாள் கழிச்சாவது கூப்புடுவாங்க. உன்னைய கூப்புடவே மாட்டாங்க. பேசாம வீட்டுக்குப் போ."

அப்படியேதான் நடந்தது. ஆறு மாதம் அவரைக் கூப்பிடவில்லை. என்னை அடுத்த மாதமே கூப்பிட்டார்கள்.

நேயர் கடிதம் வேறு... ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு அம்மா, அந்த மாமனாருக்கு ஆடாதோடை கஷாயம் கொடுக்கச் சொல்லி, எப்படிக் காய்ச்சுவது என்றும் எழுதியிருந்தார். சார் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

திரும்பி வந்த அன்று கேட்ட முதல் கேள்வி, "டேக் எதுனா இருக்கா?"

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் நான் நடித்தேன் சார். எல்லாம் உங்கள் புண்ணியம்.

தயாரிப்பாளர் சார், இந்தப் பதிவு உங்கள் கண்ணில் பட்டால்... அது சளி இல்லை. என் டேக்.

சொல்லிட்டேன்னு கோச்சுக்காதீங்க கலியமூர்த்தி சார். இனிமே என்னைக் கூப்பிடாட்டியும் பரவாயில்லை.

போயிட்டு வாங்க.