கொடியேற்றத்துக்கு அடித்த வெள்ளை

பிளாரன்ஸ் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் கொழும்பில் இருந்தார். வாடகை வாங்க மட்டும் ஆள் வரும். தோணியில் விழுந்து இடுப்பொடிந்த அவள் கணவர் வில்பிரட் கட்டிலோடு கிடந்தார். அவர் தலைமாட்டுச் சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. சொந்தக்காரரைச் சுவர் கட்ட வைக்கும்படி எழுபத்து நாலில் நகராட்சிக்கு மனு கொடுத்துவிட்டு நடையாய் நடந்தாள்.

ஆடி வந்தது. மாதா கோயில் கொடியேற்றத்துக்கு வெள்ளையடிக்காத வீடு எங்கள் தெருவில் கிடையாது. எவ்வளவு இற்றுப்போன வீடானாலும் மாதா தேர் வரும்போது அழுக்காக நிற்கலாமா? அவளும் வெடிப்பில் சுண்ணாம்பை அப்பி வெள்ளையடித்தாள்.

மறுநாள்தான் மனுவை விசாரிக்க நகராட்சி இன்ஸ்பெக்டர் வந்தார்.

"வீடு பளிச்சுன்னுல்லா இருக்கு. இதுக்கா மனு குடுத்திய?"

"அது கொடியேத்தத்துக்கு அடிச்ச வெள்ளைய்யா. தட்டிப் பாருங்க, உள்ள ஒண்ணுமில்ல."

அவர் தட்டவில்லை. கையில் சுண்ணாம்பு ஒட்டிவிடுமே! வீடு நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்.

ஐப்பசி மழையில் அந்தச் சுவர் வில்பிரட் மேல் விழுந்தது. அடக்கம் முடிந்த கையோடு நகராட்சி ஆட்கள் கடப்பாரையுடன் வந்தார்கள். ஆபத்தான கட்டடமாம். பிளாரன்ஸை வெளியேற்றிவிட்டு மிச்சத்தையும் இடித்தார்கள்.

இப்போது ஊருக்கு வெளியே முத்தையாபுரத்தில் ஓலைக் குடிசையில் இருக்கிறாள். வெள்ளையடிக்க அங்கே சுவர் இல்லை. கொடியேற்றத்துக்கு முன்னால் சுண்ணாம்பு வாளியோடு கல்லறைத் தோட்டத்துக்கு வருவாள். வில்பிரட்டின் கல்லறையை முதலில் ஒரு சுற்றுத் தட்டிப் பார்ப்பாள். பிறகுதான் வெள்ளையடிப்பாள்.