உண்ணாமலை அக்காவின் எச்சில்

ஆரணிப் பட்டு கட்டி மணமேடை ஏறிய ஒவ்வொரு பெண்ணும் எங்கள் உண்ணாமலை அக்காவின் எச்சிலைத்தான் கட்டியிருக்கிறாள். மந்திரி வீட்டு மருமகளானாலும் சரி. அக்காவின் வாய் வறண்டிருந்தால் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குக் கல்யாணமே நடந்திருக்காது.

கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அக்காவின் தொழில் அது. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய நூலான பாவு தீர்ந்ததும் அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்க வேண்டும். நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டு, ஆயிரக்கணக்கான இழைகள். புருஷன் செத்தபின் இரண்டு பெண்களை அந்த விரலால்தான் வளர்த்தார்.

போன மாதம் எங்கள் தெருவில் எச்.ஐ.வி. முகாம் போட்டார்கள். ஊசி கிடையாது. ஈறில் ஒரு குச்சியைத் தடவி எடுத்துப் பார்ப்பார்கள். எல்லாரும் வெட்கப்பட்டு நிற்க, அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. முடிவு வரும்வரைகூட, தெருவுக்குப் பாவு கொடுத்து நெய்ய வைக்கும் சம்பந்தம் முதலாளி காத்திருக்கவில்லை.

"வாயில பாக்கறாங்கன்னா எச்சில்ல ஒட்டுதுன்னுதான அர்த்தம்? ஒண்ணும் இல்லாமயா போய்க் காட்டுவா?"

தெரு முழுக்க இதைச் சொல்லி, அக்காவுக்குப் பாவு கொடுப்பதை நிறுத்தினார். மற்றவர்களும் நிறுத்தினார்கள். அக்கா வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது.

நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன். படிப்பு வராது, பழிவாங்குவது நன்றாக வரும்.

சம்பந்தம் புடவை மடிக்கும்போது பிசிர் நூலைப் பல்லால் கடித்துத் துப்புவார். அவர் முன்னால் போய்ப் பணிவாக நின்றேன்.

"மொதலாளி, இதெல்லாம் அக்கா எச்சி தொட்ட நூலுதான? எத்தினி வருசமா கடிச்சிகினு இருக்கீங்க?"

பல்லில் நூல் அப்படியே தொங்கியது.

முகாம் அப்போது பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தது. தலையில் துண்டோடு சம்பந்தம் போனார். பின்னாலேயே நானும் பாதித் தெருவும். அவர் வாய் நிறைய வெற்றிலை.

"துப்பிட்டு வாயக் கொப்புளிங்க. அரை மணி நேரம் வெளிய உக்காருங்க" என்றார் நர்ஸ்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரம், எனக்குத் தீபாவளி.

அவருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் டீக்கடைத் தங்கவேலு அவருக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ கொடுத்தார். சம்பந்தம் எரிந்து விழுந்தார்.

"எச்சில்ல ஒட்டாதுய்யா. அந்தக் குச்சி கிருமியத் தேடல. கிருமிய எதிர்க்க ஒடம்பு இன்னா செஞ்சி வெச்சிருக்குன்னு பாக்குது. நர்ஸம்மாவே சொன்னாங்க."

"அப்ப அக்காகிட்ட மட்டும் எப்படி மொதலாளி ஒட்டும்?" என்றேன். கடையே சிரித்தது.

மறுநாள் காலை அவரே பாவைத் தோளில் சுமந்து அக்கா வீட்டுக்கு வந்தார். மகளுக்குப் பின்னல் போட்டு முடிக்கும்வரை அக்கா அவரை வெயிலில் நிறுத்திவைத்தார். எனக்கு அது போதவில்லை. இன்னொரு பின்னல் போட்டிருக்கலாம்.

அவர் போனதும் பாராட்டு வாங்க உள்ளே போனேன். அக்கா சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"நூலக் கடிச்சா ஒட்டும்னு அவுருகிட்ட சொன்னது நீதான?"

"ஒட்டும்னு சொல்லலக்கா. எத்தினி வருசம்னுதான் கேட்டேன். அந்த ஆளுக்குத்தான் பயம். நமக்கு இன்னா?"

சொல்லிவிட்டுச் சொம்பை உயரத் தூக்கி, அண்ணாந்து தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டேன்.

அக்கா புதுப் பாவைப் பிரித்தபடி, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"போன மாசம் வரைக்கும் வாய் வெச்சிதானடா குடிப்ப?"