வீட்டுப் பள்ளியில் வருகைப் பதிவு

மணியடிப்பதும் பெயர் கூப்பிடுவதும் பிடிக்காமல்தான் எங்கள் ஒன்பது வயது மகள் நிலாவைப் பள்ளிக்கு அனுப்பாமல் நெமிலிச்சேரி வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். தோன்றுவதைக் கேட்பாள், தேடுவாள். அதுதான் பாடம்.

அன்று காலை, "எலெக்ட்ரிக் ட்ரெயினுக்கு எத்தனை சக்கரம்மா?" என்றாள். ஆபீஸ் வேலை அவசரத்தில், "நீயே பார்த்துக் கண்டுபிடி" என்றேன்.

பதினொரு மணிக்குத்தான் வீட்டில் சத்தமே இல்லை என்பது உறைத்தது. அவள் அப்பாவின் அறையில் இருப்பதாக நானும், என்னோடு இருப்பதாக அவரும் நினைத்திருந்தோம். சக்கரக் கேள்வி நினைவுக்கு வந்ததும் பக்கத்து ரயில்வே ஸ்டேஷனுக்கு ஓடினோம்.

அங்கே பூ விற்கும் அம்மா ஒருவர் நிலாவின் கையை இறுகப் பிடித்திருந்தார். "இன்னாம்மா நீ! ட்ரெயின் வர்ற நேரத்துல புள்ள பிளாட்பாரம் ஓரத்துல குனிஞ்சு பாத்துகினு கீது. நான்தான் இஸ்து குந்த வெச்சேன்."

நிலாவோ, "நீதானேம்மா பார்க்கச் சொன்னே?" என்றாள்.

இன்றும் எங்கள் வீட்டில் மணியடிப்பதில்லை. ஆனால் மணிக்கொரு முறை வருகைப் பதிவு உண்டு. நிலாதான் கூப்பிடுகிறாள். முதல் இரண்டு பெயர்கள் எங்களுடையவை.