பச்சைச் சீட்டு ஒட்டிய பாட்டில்

எது மருந்து போட்ட பாட்டில் என்று ஆய்வகச் சமையல்காரர் கேட்டபோது நான் நுண்ணோக்கியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எண்ண வேண்டிய ஈக்கள் இன்னும் இருநூறு கிடந்தன. முந்தின நாள்தான் என் வழிகாட்டி எல்லோர் முன்னாலும் என்னை வறுத்தெடுத்திருந்தார். "பச்சை" என்றேன். வாயில் வந்த முதல் நிறம் அது. எது மருந்து என்று எனக்கே தெரியாது. ஈக்களை எண்ணுகிறவளுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் பாட்டில்களில் சிவப்பும் பச்சையுமாகச் சீட்டு ஒட்டியிருந்தோம். அதைச் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்கும். அவருக்கு அரை நிமிடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில், பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பழ ஈக்களை வைத்து முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் அந்த ஈக்களுக்குச் சமைப்பவர். ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, மக்காச்சோள மாவும் வெல்லமும் ஈஸ்ட்டும் போட்டுப் பெரிய பாத்திரத்தில் கிண்டி, பாட்டில்களில் ஊற்றிப் பஞ்சால் அடைத்து வைப்பார். ஆறினால் அல்வா மாதிரி இறுகிவிடும். ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். "ஈக்கும் நாக்கு இருக்குல்ல மேடம்" என்பார். நாங்கள் சிரிப்போம். வாரம் ஒரு நாள் அவர் ஏன் விடுப்பு எடுக்கிறார் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

கருவில் எந்த செல் எதுவாக வளர வேண்டும் என்று பக்கத்து செல் சொல்லும் ஒரு சமிக்ஞை உண்டு. ஈயில் அது குறைந்தால் இறக்கையின் ஓரம் கடித்தெடுத்ததுபோல் பிளவுபடும். குழந்தைகளுக்கு வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோயில் அதே சமிக்ஞை நிற்காமல் அலறிக்கொண்டே இருக்கும். அதை அடக்கும் மருந்து ஒன்றை உணவில் கலந்து ஈப்புழுக்களுக்குக் கொடுத்து, பிளந்த இறக்கைகளை எண்ணுவது என் வேலை. என் தோழி ஒரு பாதியில் மருந்தைக் கலப்பாள், மறு பாதியை வெறுமனே விடுவாள். எந்த நிறம் எது என்று எழுதி உறையில் போட்டு ஒட்டி வைப்பாள். ஒருநாள் பள்ளி மாணவர்கள் பார்வையிட வந்தார்கள். தமிழில் விளக்க என்னை விட்டார்கள். "நாளைக்கு இந்த மருந்து ரத்தப் புற்றுநோயைக் குணமாக்கும்" என்று முழங்கினேன். கைதட்டினார்கள். சமையல்காரர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குச் சில நாள் கழித்துத்தான் எது மருந்து என்று என்னிடம் வந்து கேட்டார்.

ஆறு வாரம் கழித்து உறையைப் பிரித்தோம். சிவப்புதான் மருந்து. பச்சை வெறும் கூழ். சிவப்புப் பாட்டில் ஈக்களின் இறக்கைகள் அழகாகப் பிளந்திருந்தன. வழிகாட்டி முதன்முறையாக என்னைப் பாராட்டினார். அந்த வாரமே சமையல்காரர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"மேடம், மன்னிச்சிடுங்க. பச்சை பாட்டில நான் எடுத்துட்டேன். அதுக்குப் பதிலா நம்ம சாதா சாப்பாட்ட ஊத்தி, பச்சை சீட்டு ஒட்டி வச்சிட்டேன். என் பொண்ணுக்கு ஒம்போது வயசு. ரத்தத்துல கேன்சர். நீங்க சொன்ன அதே வகைதான்னு ஆஸ்பத்திரி சீட்டுல இருக்குது."

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?"

"ஊசி முழுசா முடிச்சா பொழச்சிக்குவான்னாங்க. ஆனா ஒவ்வொரு ஊசிக்கும் எட்டு நாளு வாந்தி மேடம். நாலு வாரமா அத நிறுத்திட்டு இந்த மருந்தத்தான் குடுக்குறோம். இப்ப நல்லா சாப்புடுறா. முடிகூட முளைக்குது."

ஊசி நின்றால் வாந்தி நிற்கும், முடி முளைக்கும். நோய் உள்ளே பெருகிக்கொண்டிருக்கும். இது எனக்குத் தெரியும். "அது மனுஷங்களுக்கு இல்லண்ணா. குடலைக் கெடுத்துடும், ஆபத்து. நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். அவர் சிரித்தார். "அந்த ஊசியும் அப்டித்தான் மேடம். வலுவான மருந்துன்னா ஆபத்து இருக்கத்தான் செய்யும்."

'அது வெறும் கூழ் அண்ணா, நான் சும்மா சொன்னேன்.' இந்த ஒரு வாக்கியம் போதும், மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். நான் சொல்லவில்லை. கூழுக்குப் பதில் கூழ்தான் என்றாலும், சொன்னால் பாட்டில்கள் மாறிய கதை வெளியே வரும், முடிவுகள் குப்பைக்குப் போகும், எனக்கு ஒரு வருடம் வீணாகும் என்று பயந்தேன். அதைவிடக் கேவலமான காரணமும் ஒன்று உண்டு. உயிர் கொடுத்தவளைப் பார்ப்பதுபோல் என்னை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

பாட்டில்களை வைக்கும் குளிர் அறையின் சாவியை அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டு, என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அவர் வீட்டில் ஏற்கெனவே பதினொரு பாட்டில்கள் இருந்தன. அடுத்த மாதம் அந்தப் பெண்ணுக்கு ஈறிலிருந்து ரத்தம் வடிந்தது. ஆஸ்பத்திரியில் மறுபடி ஊசி போட்டுப் பார்த்தார்கள். திரும்பி வந்த நோய் மசியவில்லை. மழைக்காலம் தொடங்குவதற்குள் முடிந்துவிட்டது. ஆய்வகத்தில் எல்லோரும் ஈஜிபுராவுக்குப் போனார்கள். நான் தலைவலி என்று விடுதியில் படுத்துக்கொண்டேன். சில நாளில் அவர் வேலையை விட்டுவிட்டார். எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. பட்டமும் உரிய காலத்தில் வந்தது.

இப்போது ஒரு கல்லூரியில் அதே சமிக்ஞையைத்தான் பாடம் நடத்துகிறேன். போன வருடம் விவேக் நகர் பஸ் நிறுத்தத்தில் யாரோ "மேடம்" என்று கூப்பிட்டார்கள். அவர்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு மெஸ்ஸில் சமைக்கிறாராம். என் குழந்தைகளை விசாரித்தார். என்னிடம் அவருக்கு ஒரு கோபமும் இல்லை.

"உங்க புண்ணியத்துல அந்தக் கொஞ்ச நாளு ஆசையா சாப்ட்டா மேடம்" என்றார். "ஒண்ணுதான் மனச அறுக்குது. நீங்க ஆபத்துன்னு சொன்னீங்களா, நான் பயந்துட்டு வேளைக்கு ஒரு ஸ்பூனாதான் குடுத்தேன். ரெண்டா குடுத்திருந்தா பொழச்சிருப்பா, இல்லீங்களா?"

இத்தனை வருடம் கழித்து இழக்க எனக்கு எதுவும் இல்லை. பட்டத்தை யாரும் பிடுங்கப் போவதில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கலாம் அண்ணா" என்றேன்.

தன் தப்பு உறுதியாகிவிட்டதுபோல அவர் மெல்லத் தலையாட்டிக்கொண்டார்.